உணவுக்குழாயின் தொடக்கநிலைப் புற்றுக்கு எண்டோஸ்கோப்பி வழிச் சூட்டுச் சிகிச்சை: நெல்லையிலிருந்து சென்று வந்த ஒரு குடும்பத்தின் மதிப்பீடு

எங்கள் பெரியப்பாவுக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் தொடக்கநிலைப் புற்றுநோய் இருப்பது பாளையங்கோட்டையில் எடுத்த எண்டோஸ்கோப்பியில் தெரியவந்தது. சிகிச்சை சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. வாய்வழியே குழாயைச் செலுத்தி, புற்று இருந்த இடத்தை முதலில் சீவி எடுத்துவிட்டு, அதைச் சுற்றி மாறிப்போயிருந்த சவ்வைப் பிறகு ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டு அகற்றினார்கள். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை நல்ல சிகிச்சை. ஆனால் கத்தியில்லை, தையலில்லை என்று பெருமையாகப் பேசப்படும் அந்தச் சுடும் வேலை இதில் ஆகச் சிறிய பங்குதான். சுடுவதற்கு முன் எவ்வளவு நிதானமாகப் பார்த்தார்கள், சுட்ட பிறகு எவ்வளவு காலம் விடாமல் பார்க்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு மருத்துவமனைக்கு மதிப்பெண் போட வேண்டும்.

பெரியப்பா சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பீடி, வெற்றிலை, மது எதுவும் கிடையாது. ஆனால் நெஞ்சுக் கரிப்பும் எதுக்களிப்பும் பல ஆண்டுகளாக உண்டு. அதற்கு ஊர்க்கடைத்தெருவில் உள்ள மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஜெலுசில் பாட்டிலும் பான்டோபிரசோல் மாத்திரையும்தான் அவருக்கு மருந்து. எரிச்சல் அடங்கிவிடுவதால் அது கேஸ் டிரபிள் என்று அவரும் நாங்களும் விட்டுவிட்டோம் என்பதில் வியப்பில்லை. நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். மாத்திரை அமிலத்தைக் குறைக்குமே தவிர, அமிலம் பல ஆண்டுகள் பட்டதால் உணவுக்குழாயின் உட்புறத்தில் ஏற்கெனவே நேர்ந்துவிட்ட மாற்றத்தை அழித்துவிடாது. எரிச்சலோடு சாப்பாடு இறங்கத் தயங்குவதும் சேர்ந்தபோதுதான் அவர் எண்டோஸ்கோப்பிக்கு ஒப்புக்கொண்டார். பிற்பாடு பார்த்தால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் புற்று அல்ல, அமிலப் புண்தான். ஆனாலும் அந்தப் புண்ணுக்காகச் செய்த பரிசோதனையே மற்றதையும் காட்டிக்கொடுத்தது. தொடக்கநிலைப் புற்று தானாக எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. விழுங்கவே முடியாமல் போகும் நிலை வந்துவிட்டால், இந்தக் கட்டுரையில் சொல்லும் சிகிச்சைக்கான காலம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.

உணவுக்குழாயின் உட்புறத்தில் இருக்க வேண்டியது தட்டையான, வெளிறிய இளஞ்சிவப்புச் சவ்வு. நெடுங்காலம் அமிலம் மேலேறி வருகிறவர்களில் சிலருக்கு அந்தச் சவ்வு மறைந்து, குடலின் சவ்வைப் போன்ற செந்நிறச் சவ்வு அங்கே வளர்ந்துவிடுகிறது. 1950-இல் இதைப் பற்றி எழுதிய நார்மன் பாரெட் என்னும் அறுவை மருத்துவரின் பெயராலேயே இதைப் பாரெட் உணவுக்குழாய் என்கிறார்கள். பாரெட் உள்ள எல்லோருக்கும் புற்று வருவதில்லை; மிகப் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. வருகிறவர்களுக்கு அந்தச் சவ்வின் உயிரணுக்கள் படிப்படியாகக் கோணலாகி, குறைந்த அளவு மாற்றம், மிகுந்த அளவு மாற்றம் என்று போய், கடைசியில் புற்றாகத் திரும்புகின்றன. இந்தப் படிகளில் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரியாமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

பாளையங்கோட்டையில் முதல் பரிசோதனையைச் செய்த மருத்துவருக்கு இந்த மதிப்பீட்டில் முழு மதிப்பெண்ணும் உண்டு. அறைக்குள் போன வேகத்தில் வெளியே வரும் எண்டோஸ்கோப்பிகளை வண்ணார்பேட்டையிலும் ஹைகிரவுண்டுப் பக்கமும் நாங்கள் வேறு உறவினர்களுக்காகப் பார்த்திருக்கிறோம். இவர் அப்படிச் செய்யவில்லை. சளியையும் நுரையையும் கழுவிவிட்டு, சாதாரண ஒளியிலும், இரத்தக் குழாய்களின் அமைப்பைத் துலக்கிக் காட்டும் குறும்பட்டை ஒளியிலும் பார்த்து, செந்நிறச் சவ்வு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து எழுதினார். அதில் ஓரிடத்தில் மட்டும் சற்று மேடாக இருந்ததைத் தனியாகக் குறித்துப் படமெடுத்து, அங்கிருந்து தனியாகவும், மற்ற இடங்களில் நான்கு திசைகளிலும் வரிசையாகவும் சதைத் துணுக்குகளை எடுத்தார். இப்படி முறையாக எடுக்காமல் கண்ணில் பட்ட ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கிள்ளி எடுத்தால், பக்கத்திலேயே இருக்கும் புற்று தப்பிவிடக்கூடும். அறிக்கை வந்ததும், வேறொரு நோயியல் மருத்துவரிடமும் அதே கண்ணாடித் தகடுகளைக் காட்டச் சொல்லி அவரே கையில் கொடுத்தார். இந்த நோயில் இரண்டாவது கருத்துக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. வழிகாட்டு நெறிகளே அதைத்தான் சொல்கின்றன, ஏனெனில் மாற்றத்தின் அளவைப் படிப்பதில் அனுபவமுள்ளவர்களே வேறுபடுகிறார்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போனபோது, முதல் நாளே சுட்டுவிடுவார்கள் என்றுதான் பெரியப்பா எதிர்பார்த்தார். அங்கிருந்த மருத்துவர் மறுத்தார். மேடு தட்டியிருக்கும் இடத்தைச் சுடக் கூடாது, சீவி எடுக்க வேண்டும் என்று அவர் சொன்ன காரணம் எனக்கு இந்தச் சிகிச்சை முழுவதிலும் முக்கியமானதாகப் படுகிறது. சுட்டால் அந்தத் திசு கருகி உதிர்ந்துவிடும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. சீவி எடுத்தால் முழுத் துண்டாகக் கையில் கிடைக்கும். புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவா, இரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ புகுந்திருக்கிறதா என்று எல்லாம் தெரியும். சிடி ஸ்கேன், எண்டோஸ்கோப்பி நுனியிலிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்டு இரண்டும் எடுத்தார்கள்தான். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழ வேறுபாட்டை நம்பும்படி சொல்லும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. சீவிய துண்டே உண்மையான ஸ்கேன் என்று சொல்லலாம்.

ஆழம் ஏன் இவ்வளவு பெரிய கேள்வி என்றால், உணவுக்குழாயின் சுவரில் நிணநீர்க் குழாய்கள் உட்புற மேற்சவ்விலேயே தொடங்கிவிடுகின்றன. பாரெட் சவ்விலிருந்து வரும் புற்று மேற்சவ்வுக்குள்ளேயே நின்றுவிட்டால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அதைத் தாண்டிக் கீழடுக்கில் இறங்கிவிட்டால் அந்த வாய்ப்பு பல மடங்கு ஏறுகிறது. முன்னதற்கு எண்டோஸ்கோப்பி போதும். பின்னதில் ஆழமாக இறங்கியவற்றுக்கு, குழாயின் உட்புறத்தை எவ்வளவு அழகாகச் சுட்டாலும் பயனில்லை, ஏனென்றால் நோய் குழாய்க்கு வெளியே உள்ள கணுக்களில் உட்கார்ந்திருக்கக்கூடும். பெரியப்பாவின் துண்டு மேற்சவ்வுக்குள் நின்ற புற்று என்றும், ஆழ ஓரம் சுத்தம் என்றும் அறிக்கை வந்தது. அந்த அறிக்கை வரும்வரை அடுத்த கட்டத்துக்குத் தேதி தர மறுத்த மருத்துவமனைக்கு என் நன்றி. அந்தக் காத்திருப்பு எங்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்பது வேறு விஷயம்.

புற்று போய்விட்டதே, மிச்சத்தை ஏன் சுட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கேட்டோம். புற்றை விளைவித்த அதே செந்நிறச் சவ்வு அங்கேயே இருக்கும்வரை, அதில் வேறோர் இடத்தில் மறுபடியும் புற்று முளைக்கும் ஆபத்து உண்டு. எனவே எஞ்சிய சவ்வு முழுவதையும் அகற்றுவதுதான் இரண்டாம் கட்டம். சீவிய புண் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி சென்னை போனோம்.

ரேடியோ அலைச் சூட்டு முறையில், எண்டோஸ்கோப்பியோடு ஒரு பலூன் கதீட்டரை, அதாவது நுனியில் பலூன் பொருத்திய மெல்லிய குழாயை, செலுத்துகிறார்கள். பலூனின் மேற்பரப்பில் மிக நெருக்கமாக மின்முனைக் கம்பிகள் சுற்றியிருக்கின்றன. பலூன் விரிந்து உணவுக்குழாயின் சுவரில் எல்லாப் பக்கமும் படிந்ததும், ஒரு நொடி அளவிலான நேரத்துக்கு மின்னாற்றல் பாய்கிறது. சவ்வு வெண்மையாக வெந்துவிடுகிறது. மின்முனைகளுக்கு இடையிலான இடைவெளியும் ஆற்றலின் அளவும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருப்பதால் சூடு சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நின்றுவிடுகிறது. தோசைக்கல்லில் மாவின் அடிப்பக்கம் மட்டும் வெந்து மேற்பக்கம் ஈரமாக இருக்கும் பருவத்தில் தோசையை எடுத்துவிடுவது போன்ற கணக்கு இது. வெந்த சவ்வைச் சுரண்டிக் கழுவிவிட்டு அதே இடத்தில் மறுமுறையும் சுடுகிறார்கள். சிறு சிறு திட்டுகள் மிஞ்சினால் அடுத்த முறை, எண்டோஸ்கோப்பியின் நுனியில் பொருத்தும் சிறிய தட்டு போன்ற கருவியால் அவற்றை மட்டும் தொட்டுச் சுடுகிறார்கள். மயக்கம் கொடுத்துச் செய்வதால் பெரியப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. அமிலத்தை அடக்கும் மாத்திரை தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால், வெந்த இடத்தில் பழைய இயல்பான சவ்வே திரும்ப வளர்கிறது. இந்தச் சிகிச்சையில் என்னை வியக்கவைத்தது அந்த இயற்கைதான், கருவியல்ல.

இது கைராசி வைத்தியம் அல்ல என்பதற்கு ஆதாரம் உண்டு. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பாரெட் சவ்வில் மாற்றம் கண்ட 127 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உண்மையாகச் சுட்டும், மற்றவர்களுக்குச் சுடுவது போன்ற பாவனை மட்டும் செய்தும் ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். மிகுந்த மாற்றம் இருந்தவர்களில், சுட்டவர்களில் 81 விழுக்காட்டினருக்கு அது முற்றாக மறைந்திருந்தது. பாவனைச் சிகிச்சை பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கு மட்டுமே. பாரெட் சவ்வே இல்லாமல் போனவர்கள் முதற்பிரிவில் 77 விழுக்காடு. மிச்சமுள்ளவர்களுக்குப் பல சுற்றுகள் சுட்டும் அந்த ஓராண்டுக்குள் தீரவில்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. ஒரே நாளில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு மூன்று மாத இடைவெளியில் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும். நெல்லையிலிருந்து போகிறவர்கள் இரயில் செலவையும் தங்கும் செலவையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சுட்ட பிறகான நாட்களைப் பற்றி மருத்துவமனை சொன்னது போதாது என்பது என் முதல் குறை. லேசான எரிச்சல் இருக்கும் என்றார்கள். இருந்தது லேசானதல்ல. எச்சில் விழுங்கினாலே மார்பெலும்புக்குப் பின்னால் கொள்ளி வைத்தது போல இருக்கிறது என்றார் பெரியப்பா. மரத்துப்போகச் செய்யும் திரவ மருந்தும், புண்ணின் மேல் படியும் சுக்ரால்ஃபேட் சிரப்பும் கொடுத்திருந்தார்கள். அவற்றைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு குடிக்க வேண்டும் என்று யாரும் விளக்கவில்லை. இரவில் வலி கூடியபோது கொடுத்த அவசர எண்ணை அழைத்தால், வரவேற்பு மேசைக்காரர் எடுத்துக் காலையில் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். இரத்த வாந்தி, கருத்த மலம், காய்ச்சலோடு கூடிய கடும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் காத்திருக்கக் கூடாது, மற்ற வலி சில நாட்களில் அடங்கும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இரவு எங்களுக்கு அவ்வளவு நீளமாக இருந்திருக்காது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளை வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் அந்தத் தாளில்தான் எழுத வேண்டும். மறுநாளே இரயில் ஏறலாம் என்று சொன்னதையும் நான் ஏற்கவில்லை. மருத்துவமனைக்கு அருகில் சில நாள் அறை எடுத்துத் தங்கியதே சரியாக இருந்தது.

உணவுப் பட்டியல் இன்னொரு வேடிக்கை. கஸ்டர்டு, ஜெல்லி, ஓட்ஸ், கிரீம் சூப் என்று இருந்தது. எழுபதைத் தாண்டிய சேரன்மகாதேவிக்காரர் வாழ்நாளில் கஸ்டர்டு சாப்பிட்டதில்லை. பெரியம்மா பட்டியலை மடித்து வைத்துவிட்டு, முதல் நாள் ஆறிய அரிசிக் கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர் என்றும், பிறகு நொய்க் கஞ்சி, குழைய வேகவைத்துக் கடைந்த பாசிப்பருப்பு, தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், பிசைந்த தயிர்ச்சோறு என்றும் தானே வகுத்துக்கொண்டார். சொதி வேண்டும் என்று பெரியப்பா கேட்டபோது, இஞ்சியும் எலுமிச்சையும் இல்லாமல் வைத்துக் கொடுத்தார். அதைச் சொதி என்று ஒப்புக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். எல்லாவற்றையும் சூடு ஆறிய பிறகே கொடுத்தார்கள். பாளையங்கோட்டை மருத்துவர் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் மாற்றவில்லை.

குறுகல் ஏற்படுவதுதான் இந்தச் சிகிச்சையின் முக்கியப் பக்கவிளைவு. சுட்ட இடம் ஆறும்போது தழும்பு இறுகி உணவுக்குழாய் சுருங்கிவிடலாம். மேற்சொன்ன ஆய்வில் சுட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கு இது வந்தது, எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி வழியே விரித்துச் சரிசெய்தார்கள். பெரிய அளவில் சீவி எடுத்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். சில வாரங்கள் கழித்துச் சோறு தொண்டைக்குக் கீழே நிற்பது போலத் தோன்றினால் புற்று திரும்பிவிட்டது என்று உடைந்துபோகாமல், முதலில் இதை நினைக்க வேண்டும். பெரியப்பாவுக்கு வரவில்லை.

மாற்று முறைகளோடு ஒப்பிட்டால் இதன் இடம் புரியும். முன்பு இந்த நிலைக்கே உணவுக்குழாயை வெட்டியெடுத்து, இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் பெரிய அறுவைதான் செய்தார்கள். ஆழமாகப் போன புற்றுக்கு இன்றும் அதுதான் சரியான வழி. தேர்ந்த மையங்களில்கூட அந்த அறுவைக்குப் பின் உயிரிழப்பு நூற்றுக்குச் சிலர் என்ற அளவில் இருக்கிறது; பிழைத்தவர்களும் ஒரு வேளைக்குக் கொஞ்சமாகவே சாப்பிட முடியும். ஒளியால் செயல்படும் மருந்தை நரம்பில் ஏற்றி லேசரால் அழிக்கும் முறை ஒன்று 2003-இல் அமெரிக்காவில் பாரெட்டின் மிகுந்த மாற்றத்துக்கு ஒப்புதல் பெற்றது. அதைச் செய்துகொண்டவர் ஒரு மாதத்துக்குமேல் வெயிலில் தலைகாட்டக் கூடாது, குறுகலும் மிகுதி. நம் ஊர் வெயிலில் அது எப்படி நடக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. ஆர்கான் வாயுவின் வழியே சுடும் முறை செலவு குறைந்தது, பல ஊர்களிலும் கருவி இருக்கிறது. சிறு திட்டுகளுக்கு நன்றாகவே பயன்படும். திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறையும் உண்டு.

ஆனால் இந்தச் சேவையை நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றில் மிகுதியாகக் காண்பது பாரெட்டிலிருந்து வரும் வகையல்ல. தட்டைச் சவ்விலேயே நேரடியாக வரும் வகை. பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை, மது ஆகியவை அதன் முதன்மைக் காரணங்கள். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதும் புற்றைத் தூண்டக்கூடும் என்று 2016-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. டம்ளர் கையைச் சுடும் டீயை ஊதாமல் குடிப்பதை வீரமாகக் கருதும் நம் டீக்கடைப் பெஞ்சுகளில் இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தட்டைச் சவ்வுப் புற்றில் அயோடின் கரைசலைத் தெளித்தால் நல்ல சவ்வு பழுப்பாக நிறம் ஏற, கெட்ட இடம் மட்டும் நிறம் ஏறாமல் தனித்து நிற்கும். அந்த எல்லையைக் குறித்துக்கொண்டு, அடியிலிருந்து ஒரே துண்டாக அறுத்தெடுக்கும் முறையைத்தான் முதலில் கேட்க வேண்டும். இவ்வகைப் புற்று குறைந்த ஆழத்திலேயே கணுக்களுக்குப் பரவத் தொடங்குவதால், ஆழம் தெரியாமல் சுட்டுவிடுவது இங்கே கூடுதல் ஆபத்து. உங்கள் அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் எங்கள் அனுபவத்தை உங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, பில்லில் எங்களைத் திடுக்கிட வைத்தது கதீட்டரின் விலைதான். வெளிநாட்டிலிருந்து வரும் பொருள், ஒரு நோயாளிக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்தவென்று செய்தது. மருத்துவர் கட்டணமும் அறை வாடகையும் அதன் முன் சிறியவை. முன்கூட்டிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் அது மற்றச் செலவுகள் என்ற தலைப்புக்குள் ஒளிந்திருந்தது. எத்தனை சுற்று ஆகலாம், ஒவ்வொரு சுற்றுக்கும் எந்தக் கதீட்டர், அதன் விலை என்ன என்று பிரித்து எழுதி வாங்கிக்கொண்டு, காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்தின் ஒப்புதலையும் எழுத்தில் பெற்ற பிறகே இரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொன்ன முறைக்கு அது பொருந்துமா என்று மருத்துவமனையிலுள்ள திட்ட மேசையில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொடர்கண்காணிப்புக்கான ஏற்பாடு எங்களுக்கு நன்றாக அமைந்தது. சவ்வு முழுவதும் அகன்ற பிறகு முதலாண்டில் 3, 6, 12-ஆம் மாதங்களிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். புதிய சவ்வுக்கு அடியில் பழைய சுரப்பித் திசு புதைந்து கிடக்கலாம் என்பதாலும், இரைப்பையோடு சேரும் இடத்தில் அது மீண்டும் தலைகாட்டலாம் என்பதாலும் இதைத் தவறவிட முடியாது. இதற்காக ஒவ்வொரு முறையும் சென்னை வர வேண்டியதில்லை என்று அங்கிருந்த மருத்துவரே சொல்லி, படங்களையும் அறிக்கைகளையும் பாளையங்கோட்டை மருத்துவருக்கு அனுப்பிவைத்தார். இப்போது பரிசோதனை இங்கேயே நடக்கிறது. சதைத் துணுக்குகளின் தகடுகள் மட்டும் முதலில் படித்த அதே நோயியல் மருத்துவரிடம் போகின்றன. எரிச்சல் இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று பெரியப்பா இடையில் கேட்கத்தான் செய்கிறார். காலையிலும் மாலையிலும் சாப்பாட்டுக்கு முன் அதை எடுத்து நீட்டுவது பெரியம்மாவின் பொறுப்பாகியிருக்கிறது.